நாடாப் பெட்டியும் ஒன்பது மணி பஸ்ஸும்

மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிப்பது சூடான தூசியின் வாசனை. அதற்குப் பின்னால் காய்ந்த வேப்பிலையும் கற்பூரமும், எல்லாவற்றுக்கும் அடியில் லேசாகப் புளித்த ஒரு நெடி. அந்த நெடி நாடாவினுடையது. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய எங்கள் ஊர் மாதா கோயிலில், பீடத்துக்கு இடப்பக்கம், சன்னல் காற்று படாத மூலையாகப் பார்த்து வைக்கப்பட்டிருந்த அந்த வாத்தியத்தை எல்லோரும் "நாடாப் பெட்டி" என்றுதான் சொன்னோம். அதற்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர் உண்டு. பெட்டியின் நெற்றியில் பித்தளை எழுத்தில் அது பதித்திருந்தது. உப்புக் காற்று நான் பிறப்பதற்கு முன்பே பாதி எழுத்தைத் தின்றுவிட்டதால், மிச்சத்தை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் படிக்க முடியவில்லை.

பார்ப்பதற்கு ஆர்மோனியத்தின் பெரியப்பா மாதிரி இருக்கும். முப்பத்தைந்து கட்டைகள், ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் விரல் அகலத்தில், ஐந்தடி நீளத்தில் ஒரு ஒலிநாடா. கட்டையை அழுத்தினால் அந்த நாடா ரப்பர் உருளையில் மாட்டிக்கொண்டு ஓடும், ஓடும்போது எந்த நாட்டிலோ எப்போதோ பதிவு செய்த பாடகர் கூட்டம் ஒன்று "ஆ..." என்று பாடும். முப்பத்தைந்து கட்டைக்கு முப்பத்தைந்து "ஆ". நாடா தீர்ந்தால் பாட்டும் தீர்ந்தது. கணக்காக எட்டு செகண்டு. விரலை எடுத்தால் உள்ளே இருக்கும் சுருள் கம்பி நாடாவைப் பின்னுக்கு இழுத்து "டக்"கென்று பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும். மறுபடி அழுத்தினால் மறுபடி எட்டு செகண்டு. வேறு ஊர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால், "ஏம்பா, டேப்ரெக்கார்டர்ல பாட்டு போட்டுட்டுப் போவ வேண்டியதுதானே" என்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

கப்பலில் அதைக் கொண்டுவந்த வெளிநாட்டுச் சாமியாரை நான் பார்த்ததில்லை. அவர் வாசிக்கச் சொல்லிக்கொடுக்க முயன்றது கான்வென்டில் படித்த பெண்களுக்குத்தான். ஆனால் அந்தக் கட்டைகளைத் தொட்டால் போதாது, அழுத்திப் பிடிக்க வேண்டும். விரல் தளர்ந்தால் நாடா வழுக்கி, பாடகர் கூட்டத்துக்குச் சளி பிடித்தாற்போல் சத்தம் வரும். பேனா பிடித்த விரல்கள் ஒன்றுக்கும் உதவவில்லை. ஒரு சனிக்கிழமை, கோயில் கூட்டும் முறை என் அம்மா பிலோமினாவுக்கு. துடைத்துக்கொண்டிருந்தவள் தெரியாமல் ஒரு கட்டையில் கையை ஊன்ற, எட்டு செகண்டும் துளி பிசகாமல் பாட்டு வந்ததாம். உப்பளத்தில் பலகை போட்டு உப்பு வாரிக் காய்த்துப்போன விரல்கள் அவளுடையவை. சாமியார் அன்றைக்கே கட்டைகளின் மேல் வெள்ளைப் பெயின்டில் ஒன்று முதல் முப்பத்தைந்து வரை எழுதிவிட்டார். அம்மாவுக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. பாட்டு என்றால் அவளுக்கு "பதினாலு, பதினாலு, பதினேழு, பதினாறு" என்று ஒரு நோட்டில் எழுதிய எண்கள்தான்.

அந்தக் காலத்தில் எங்கள் கோயிலில் பெண்கள் எல்லோரும் பாய் விரித்துத் தரையில்தான் உட்காருவோம். அளத்தில் நாளெல்லாம் குனிந்த முதுகு, வீட்டில் அடுப்புக்கு முன்னால் குந்தல். அம்மா தன் வாழ்நாளில் நாலு பேர் பார்க்க நாற்காலியில் உட்கார்ந்தது அந்தப் பெட்டிக்கு முன்னால் மட்டும்தான். பிரம்பு பின்னிய பழைய நாற்காலி அது. ஞாயிற்றுக்கிழமை அதில் உட்காரும்போது அவள் புடவைத் தலைப்பை இழுத்து விடும் தோரணையைப் பார்க்க வேண்டுமே! கலெக்டர் பெண்டாட்டிகூட அப்படி உட்கார மாட்டாள்.

உட்காருவதற்கு அவள் பட்ட பாடு சும்மா இல்லை. உப்புக்கும் நாடாவுக்கும் ஆகாது. உப்புக்கும் கம்பிக்கும் அதைவிட ஆகாது. பெட்டியைத் தொடுவதற்கு முன் மூன்று முறை நல்ல தண்ணீரில் கை கழுவுவாள், அந்தத் தண்ணீரை ஒரு மைல் தள்ளியிருந்த குழாயிலிருந்து தூக்கி வந்திருப்பாள். ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, நாடா உரசும் இடங்களை ஒவ்வொன்றாகத் துடைப்பாள். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு விழுந்துவிட்டால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கரப்பான் வராமலிருக்க வேப்பிலை. ஈரம் ஏறாமலிருக்கப் பெட்டிக்குள் ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு இரவு பகலாக எரியும். எங்கள் வீட்டில் அப்போது பல்பே கிடையாது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. காரணம் பெரிதில்லை. பெட்டிக்கு மூன்று தண்ணீரில் கழுவிய கை, எனக்குத் தலை பின்னும்போது அளத்திலிருந்து வந்த கையாகவே இருக்கும். பேன் கடித்துச் சொறிந்த இடத்தில் அவள் விரல் பட்டால் மண்டை தீயாய் எரியும். "அம்மா, எரியுதும்மா!" என்று கத்தினால், "சும்மா இருடீ, உப்பு பட்டா புண்ணு ஆறும்" என்பாள். பெட்டியிடம் ஒருநாளாவது அப்படிச் சொன்னாளா?

எனக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது ஒரு கார்த்திகையில் புயல் அடித்து, மூன்று வாரம் கரண்ட் இல்லை. பல்பு எரியவில்லை. அம்மா கரி அடுப்பை மூட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், பழைய வேட்டியெல்லாம் சுற்றிப் பார்த்தாள். கரண்ட் வந்து அழுத்திப் பார்த்தபோது முப்பத்தைந்து பேரும் ஊமை. நாடாக்கள் பூசணம் பிடித்து, பிசுபிசுத்து, உருளையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. கிறிஸ்துமஸ் பூசைக்கு வாத்தியம் இல்லாமலே பாடினோம். மாசி பிறந்தும் அது வாய் திறக்கவில்லை.

அப்போதிருந்த ஃபாதர் நல்ல மனிதர், அதுதான் சங்கடம். ஒருநாள் பூசை முடிந்து அம்மாவைக் கூப்பிட்டு, "பிலோமினா, பாண்டிச்சேரில இருந்து ஒருத்தர் கரண்ட் ஆர்கன் குடுக்கிறேன்னு சொல்லிட்டார். திருவிழாக் கொடியேத்தத்துக்குள்ள இது பாடலன்னா அதை வெச்சிடலாம். டீச்சர் வீட்டுப் பொண்ணு வாசிக்கட்டும். நீயும் எவ்ளோதாம்மா கஷ்டப்படுவே?" என்றார். கரண்ட் ஆர்கனை லேசாகத் தொட்டாலே போதும், பாடும். அதில் எண்ணும் எழுதியிருக்காது. வீட்டுக்கு வந்த அம்மா அப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்: "நான் திரும்பவும் பாய்லதான் குந்தணுமா?" மூட்டை ஏற்றிவிட்டு வந்திருந்த அப்பா தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஜனங்களுக்கு எல்லாப் பிணிக்கும் தெரிந்த ஒரே மருந்து வெயில். ஈர உப்பா, வெயில். நமுத்த நெல்லா, வெயில். சளி பிடித்த பிள்ளையா, அதையும் கொஞ்ச நேரம் வெயிலில் உட்கார வை. அம்மா முப்பத்தைந்து நாடாவையும் கழற்றினாள். ஒவ்வொன்றின் தலையிலும் அதன் எண்ணை எழுதினாள். அவள் வேலை செய்த பாத்திகளுக்கு எதிரில், உப்புக் கொட்டகையின் ஓரமாகக் கயிறு கட்டி, துணிக்கு மாட்டும் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டாள். பள்ளிக்கூடம் முழுப்பரீட்சை விடுமுறை. காவல் நான். "காலை வெயிலு மட்டும்தான்டீ. ஒம்போது மணி பஸ்ஸு ஆரன் அடிச்சதும் எடுத்து உள்ள நெழல்ல போட்டுடு. அதுக்கு மேல ஒரு நிமிசம் ஆவக் கூடாது." பாண்டிச்சேரி போகும் அந்த பஸ், அளத்துப் பெண்கள் கூடையோடு ரோட்டைக் கடப்பார்கள் என்பதால், வளைவில் நீளமாக ஆரன் அடித்துக்கொண்டுதான் வரும். ஊருக்கே அதுதான் கடிகாரம்.

மூன்று நாள் சரியாக எடுத்துப் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, வெயில் வேலை செய்தது. பிசுபிசுப்பு விட்டு, நாடா விரலில் ஒட்டாமல் வழுக்கியது. இன்னும் ஒரு நாள் போதும் என்றாள் அம்மா.

நான்காம் நாள் விடியற்காலையில் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பின்னி ரிப்பன் கட்டியாயிற்று. மறுபக்கம் வகிடு எடுக்கும்போது காற்று கடல் பக்கம் திரும்பி, கொட்டகையில் கிடந்த நாடாவுக்கு ஈரம் ஏறிவிடும் போலிருந்தது. "அய்யய்யோ, நாடா!" என்று சீப்பை என் தலையிலேயே விட்டுவிட்டு ஓடிப்போனாள். கயிறு கட்டி, நாடாவை மாட்டி, அப்படியே பாத்தியில் இறங்கிவிட்டாள். ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் பரட்டை. அந்தக் கோலத்தில் அளத்துக்கு வந்த என்னைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம், அப்படி ஒரு கோபம் அதற்குப் பின் என் புருஷன்மேல்கூட வந்ததில்லை.

நான் மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை வருஷம் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். மறக்கவில்லை. கொட்டகை நிழலில் உட்கார்ந்து ஏழாங்கல் ஆடிக்கொண்டிருந்தேன், ஆரன் கேட்டது, நீளமாகவே கேட்டது. கிடக்கட்டும் என்று நினைத்தேன். வெயில் ஏறியது. கயிறு சூட்டில் தளர்ந்து தொய்ந்தது. நாடாக்களின் கீழ்ப்பாகம், உப்புப் பூத்துக் கொதித்துக் கிடந்த வரப்பின் மேல் படுத்துக்கொண்டது. அதையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஐந்தாவது கல்லைப் பிடித்தேன்.

உச்சி வெயிலில் அம்மா வந்தபோது, ஒவ்வொரு நாடாவும் கீழே இரண்டடிக்கு சுட்ட அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. அவள் என்னை அடிக்கவில்லை. குனிந்து ஒன்றை எடுத்து, நீவிவிடப் பார்த்தாள். அது மறுபடி சுருண்டுகொண்டது. "பஸ்ஸு வரலியாடீ?" என்று கேட்டாள். "மறந்துட்டேம்மா" என்றேன். ஃபாதரிடம் போய், "நான்தான் ஃபாதர் வெயில்ல உட்டுட்டேன், எம்புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்று அவள் சொன்னதைக் கோயில் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். உள்ளே போய் உண்மையைச் சொல்லவில்லை, வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

மரக்காணம் கடைத்தெருவில் டேப்ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் ஜபார் பாய். வளைகுடாவில் ஏழெட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அம்மா நாடாக்களைப் பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் அவர் கடைப் பலகையில் பிரித்து வைத்தாள். "யா அல்லா! இன்னாக்கா இது, நாடாவா கருவாடா?" என்று கேட்டவர், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாராம். மறுநாளே சைக்கிளில் வந்து, கோயில் தாழ்வாரத்தில் பெட்டியைப் பிரித்துப் போட்டார். அதுவரை அவர் மாதா கோயிலுக்குள் வந்ததில்லை. செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பதினோரு நாள் வேலை, நடுவில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தொழுகைக்குப் போய்வருவார். துருவேறிய சுருள் கம்பிகளைக் கழற்றிவிட்டு, செத்துப்போன டேப்ரெக்கார்டர்களிலிருந்து பிடுங்கியவற்றை நீட்டியும் குறுக்கியும் பொருத்தினார். உருளைகளின் ரப்பரைச் சுரண்டி எடுத்தார். நாடாவுக்கு வந்தபோதுதான் கையை விரித்தார். மேலே மூன்றடி நன்றாக இருக்கிறது; கீழே இரண்டடி போனது போனதுதான். பிளேடால் சாய்வாக வெட்டி, கெட்டதை எறிந்துவிட்டு, அந்த நீளத்துக்குப் பாட்டில்லாத வெறும் நாடாவை ஒட்டினார். முப்பத்தைந்து வெட்டு, முப்பத்தைந்து ஒட்டு. முடித்துவிட்டு ஒரு கட்டையை அழுத்தி, விரல் விட்டு எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அவ்ளோதான்க்கா. ஆறுக்கு இல்ல."

ஃபாதர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அஞ்சு செகண்டுல நின்னுட்டா பாட்டு நொண்டுமேம்மா. ஜனங்க நல்லா இழுத்து இல்ல பாடுறாங்க?"

"ஜனங்களை நான் பாத்துக்கிறேன் ஃபாதர்" என்றாள் அம்மா. கொடியேற்றத்துக்குப் பத்து நாள் இருந்தது.

பாத்தியில் உப்பு வாருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீளக் கழியில் மாட்டிய பலகையைத் தண்ணீருக்குள் தூரத்தில் போட்டு, ஒரே இழுப்பாக வரப்புவரை இழுத்து வர வேண்டும். பிறகு தூக்கி, ஒரு அடி தள்ளி, மறுபடி போட வேண்டும். அந்த ஒரு இழுப்புக்கு ஆகிற நேரம் ஏறக்குறைய ஐந்து செகண்டு. இதை யாரும் அளந்து பார்த்ததில்லை. அம்மாவின் தோளுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காலையில் பாத்தியில் இறங்கியதும் அவள், ஒவ்வொரு வரியும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முடியும் மாதா மன்றாட்டைப் பாட ஆரம்பித்தாள். இழுக்கும்போது பாட்டு, பலகையைத் தூக்கும்போது மூச்சு, வார்த்தை எங்கே இருந்தாலும் சரி. "வேண்டிக்கொள்ளும்" என்ற சொல் நடுவில் உடைந்தது. "வேண்டிக்" என்பதோடு இழுப்பு முடியும். பலகையைத் தூக்கி, மறுபடி போட்டு, "கொள்ளும்" என்று அடுத்த இழுப்பு. பக்கத்துப் பாத்திப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மாதா யாரென்று தெரியாதவர்கள்கூடப் பாடினார்கள். வேலைக்கு அது தோதாக இருந்தது. பத்து நாளில் அளம் முழுக்க ஒரே மூச்சு.

கொடியேற்ற அன்று சாயங்காலம் நான் பெண்களோடு பாயில் உட்கார்ந்திருந்தேன். அம்மா நாற்காலியில். முதல் கட்டையை அவள் அழுத்தியதும் நான் மடிக்குள் விரலை மறைத்துக்கொண்டு எண்ணினேன். ஐந்தில் பெட்டி நின்றது, பெண்கள் எல்லோரும் கத்தரித்தாற்போல் நின்றார்கள், ஆண்கள் பக்கத்தில் மூன்று நான்கு கனத்த குரல்கள் மட்டும் துணையில்லாமல் தொங்கின. ஒருவர் வெட்கப்பட்டுத் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது மன்றாட்டில் இரண்டு குரல் தொங்கியது. நான்காவதில் ஒன்றுமில்லை. கோயில் முழுக்க ஒன்றாக நின்று, ஒன்றாக மூச்சு வாங்கி, ஒன்றாக மீதியைப் பாடியது. எனக்கு ஏனோ அழுகை வந்தது. கரண்ட் ஆர்கனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார் ஃபாதர்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்துப் பங்குக் கோயில்காரர்கள் எங்களை "விக்கல் கோயில்" என்று கேலி செய்தார்கள். அனுமந்தையில் கட்டிக்கொடுத்த எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, அங்கே பூசையில் தன்னை அறியாமல் நடுவில் நிறுத்தி, மாமியாரிடம் முறைப்பு வாங்கினாளாம்.

இப்போது நாடாப் பெட்டி இல்லை. இன்னொரு புயலில் கோயிலுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து அதை முடித்துவைத்தது. அடிப்பலகைகளை எடுத்துப் பாட்டுப் புத்தகம் வைக்க அலமாரி செய்தார்கள். நாடாக்களை யாரோ கேட்டு வாங்கிப்போய், தர்பூசணித் தோட்டத்தில் காக்கா விரட்டக் கட்டினார்கள். காற்றில் அவை விர்ரென்று சத்தம் போடும். "ஆ" எல்லாம் கிடையாது. ஜபார் பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. ரோடு அகலமாகிவிட்டது, பஸ்கள் எங்கள் வளைவில் ஆரன் அடிப்பதில்லை, வளைவே இல்லை. கோயிலில் ஒரு பையன் மெல்லிய கீபோர்டில் விரலை வைத்தால், எடுக்கிற வரைக்கும் பாடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் ஜனங்கள் ஐந்தில் நிற்கிறார்கள். பெட்டியைப் பார்த்தே இராத பிள்ளைகளும் நிற்கிறார்கள்.

இந்த வருஷம் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். இப்போது எல்லோருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. எண்பதை நெருங்கும் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் நான். திருவிழா நோட்டீசில், எங்கள் பங்கில் இடைநிறுத்திப் பாடும் வழக்கம் பழங்காலத் துறவிகளின் தியான முறையிலிருந்து வந்தது என்று யாரோ அச்சடித்திருந்தார்கள். அதை அம்மாவின் காதில் படித்துக் காட்டினேன். பொக்கை வாயை முந்தானையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்தது.

"அம்மா, அன்னிக்கு நான் மறக்கல. ஆரன் கேட்டுது. வேணும்னேதான் எடுக்கல."

அம்மா பீடத்தைப் பார்த்தபடியே இருந்தாள். "தெரியும்டீ. எனுக்கும்தான் ஆரன் கேட்டுது. நிமுந்து பார்த்தேன், நீ கொட்டாய்ல குந்திக்கினு இருந்தே. ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடிப்போய் எடுத்திருப்பே."

"அப்புறம் ஏன் போடல?"

"பாதித் தலையோட குந்திக்கினு இருந்தியே" என்றாள். "எந்த மூஞ்ச வெச்சிக்கினு கூப்புடுறது?"

மன்றாட்டு தொடங்கிவிட்டது. அம்மாவின் வலது கை தொடைமேல் எந்தக் கட்டையையோ அழுத்திப் பிடித்திருந்தது. "வேண்டிக்" என்று கோயில் முழுக்க நின்றது. அவள் விரலை எடுத்தாள். நானும் மூச்சு வாங்கிக்கொண்டு, மீதியை அவளோடு சேர்ந்து பாடினேன்.